தம்பி பாய் கட்டிய மண்சுவர்த் தெரு

ஜப்பானில் சாமுராய்கள் குடியிருந்த தெருவைப் பார்த்திருக்கிறேன் என்று சொன்னால் திண்டுக்கல்லில் யாரும் நம்புவதில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிக்கும்போது ஒருமுறை சொன்னேன். "நீ பாத்த சாமுராயி எந்தப் புரோட்டாக் கடையில மாவு பெசஞ்சான்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். நான் அங்கே போனது தெருவைப் பார்க்க அல்ல. என் தம்பியைக் கையோடு ஊருக்குக் கூட்டிவரத்தான் போனேன். அதை அவர்களிடம் சொல்லவில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரியில் கிளீனர், திருப்பூரில் பனியன் கம்பெனி, கேரளாவில் பிளைவுட் ஆலை, பிறகு ஷார்ஜாவில் ஒரு ஹோட்டல் சமையல்கட்டு. ஓரிடத்தில் உட்கார எனக்கு வராது. ஷார்ஜாவில் பல வருடம் தந்தூரி அடுப்பில் நின்றதால், ஜப்பானில் நகோயா என்ற ஊரில் ஒரு இந்தியச் சாப்பாட்டுக் கடையில் வேலை கிடைத்தது. முதலாளி வடநாட்டுக்காரர். பிரியாணிக்குப் பேர்போன ஊரில் பிறந்தவன், அங்கே தித்திப்பாக ஒரு கோழிக் குழம்பும், இலை அகலத்துக்கு ரொட்டியும் போட்டுக்கொண்டிருந்தேன். அதை அவர்கள் விரும்பிச் சாப்பிட்டார்கள். எனக்கென்ன.

தம்பி எனக்கு முன்பே ஜப்பான் போனவன். அவன் என்னைப்போல இல்லை, ஐ.டி.ஐ. முடித்தவன். தொழில் பயிற்சி என்று ஏஜென்ட் சொல்லி அனுப்பியது ஒரு இரும்பு வார்ப்புப் பட்டறைக்கு. அங்கிருந்த மேஸ்திரி, தலையில் மாட்டும் பாதுகாப்புத் தொப்பியைக் கழற்றி அதனாலேயே தலையில் அடிப்பான் என்று போனில் ஒருமுறை சொன்னான். பிறகு ஒருநாள் அங்கிருந்து ஓடிவிட்டான். பயிற்சிக்கு வந்தவன் பட்டறையை விட்டு ஓடினால் விசா போயிற்று. அதற்குப் பிறகு அவன் அந்த நாட்டில் காகிதம் இல்லாத ஆள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மாவுக்குப் போன் வரும். எந்த ஊரில் இருக்கிறான் என்று சொல்ல மாட்டான்.

அம்மா நாகல் நகரில், கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தாள். எங்கள் அப்பா சீக்கிரமே போய்விட்டார். கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்து எங்களை வளர்த்தவள். சர்க்கரை வியாதி முதலில் அவள் கால்விரலைத் தின்றது, பிறகு கண்ணை, கடைசியில் சிறுநீரகத்தை. வாரத்தில் இரண்டு நாள் ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவாள். கூடப் போவது அவளுடைய தங்கை, எங்கள் சித்தி. ஒருநாள் டாக்டர் சித்தியைத் தனியாகக் கூப்பிட்டு, பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்றார்.

அன்று அம்மா எனக்குப் போன் செய்தாள். "பெரியவனே, சின்னவன் சத்தம் வருது, ஆளு வரல. வெறுஞ் சத்தத்த வச்சு நான் என்ன பண்ண? போன்ல மொகத்தக் காட்டுனாலும் எனக்கு இருட்டுதான். ஒருவாட்டி அவன் தலையத் தடவிட்டேன்னா போதும். நீ இருக்க நாட்டுலதான இருக்கான், காதப் புடிச்சு இழுத்துட்டு வா."

அம்மாவுக்கு ஜப்பான் என்பது பக்கத்திலிருக்கும் ரெட்டியார்சத்திரம் வரைக்கும்தான். ஒரு பஸ் ஏறினால் ஆளைப் பிடித்துவிடலாம்.

தம்பியின் எண்ணுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று செய்தி அனுப்பினேன். மறுநாள் அவனே கூப்பிட்டான். கனசாவா என்று ஒரு ஊர், கடலுக்குப் பக்கம், பனி கொட்டும் ஊர், அங்கே வா என்றான். "வீட்டுக்கு வேணாம்ணே. நான் வேல பாக்குற தெருவுக்கு வந்துரு. நாகமாச்சின்னு கேளு. நம்ம நாகல் நகருன்னு ஞாபகம் வச்சுக்க."

டிசம்பர் தொடக்கம். விடுமுறை நாளில் ஹாட்பாக்கில் பிரியாணி கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். சீரகச் சம்பா கிடைக்கவில்லை, பாசுமதிதான். ஆனால் மசாலா அம்மா திரித்து அனுப்பியது.

அவன் ஒரு வாய்க்கால் ஓரம் நின்றிருந்தான். தொளதொளவென்று கால்சட்டை, கட்டைவிரல் தனியாகப் பிரிந்த ரப்பர் காலணி, தலையில் கட்டிய துண்டு. முடியெல்லாம் வைக்கோல் துரும்பு. நான் கட்டிப்பிடிக்கலாம் என்று கிட்டே போனபோது அவன் என் வயிற்றைத் தட்டினான்.

"என்னண்ணே, கடையில போடுற ரொட்டியெல்லாம் இங்கதான் போகுதா?"

"நீ ஏண்டா கருவாடு மாதிரி ஆயிட்ட?"

"குளிருல காயப்போட்டா அப்புடித்தான் ஆகும்."

இப்படிப் பேசிக்கொண்டதால் இரண்டு பேருக்கும் அழாமல் நிற்க முடிந்தது.

தெருவுக்கு இரண்டு பக்கமும் நீளமாக மண்சுவர். ஆள் உயரத்துக்கு மேலே. அடியில் கருங்கல் கட்டு, நடுவில் வைக்கோல் கலந்து குழைத்த காவி மண், உச்சியில் மழை வழிய ஓட்டுக்கூரை. அந்தக் காலத்தில் ராஜாவிடம் கத்தி பிடித்து வேலை பார்த்தவர்களின் வீடுகள் அந்தச் சுவர்களுக்குப் பின்னால் இருந்தன என்றான். பனி விழுந்தால் மண் ஈரத்தைக் குடித்து, இரவில் உறைந்து, பகலில் பொருபொருவென்று உதிரும். அதனால் பனிக்காலத்துக்கு முன்பு சுவர் முழுக்க வைக்கோல் பாயைத் தொங்கவிட்டுக் கட்டிவிடுகிறார்கள். வெயில் வந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். ஒவ்வொரு வருடமும் இதே வேலை. தம்பி ஒரு தோட்டக்கார மேஸ்திரியிடம் தினக்கூலிக்கு அதைச் செய்துகொண்டிருந்தான். கையில் காசு கொடுப்பவர், காகிதம் கேட்காதவர். எழுபது வயதிருக்கும். என்னைக் கண்டதும் குனிந்து குனிந்து வணங்கி, சூடான காப்பி டப்பா ஒன்றைக் கையில் திணித்துவிட்டு, தம்பிக்கு அரைநாள் லீவு கொடுத்தார்.

காப்பியைக் குடித்துக்கொண்டே சுவரில் சாய்ந்தேன்.

"அண்ணே, சாயாத சாயாத!"

"செவுருதானடா."

"இந்தச் செவுருக்குப் பட்டா இருக்கு, சட்டம் இருக்கு, பேப்பர் இருக்கு. ஒரு துண்டு பேந்துச்சுன்னா போட்டோ எடுக்க ஆளு வரும். இந்தத் தெருவுல ஒரு பேப்பரும் இல்லாதது நான் மட்டுந்தான்." சொல்லிவிட்டுச் சிரித்தான். நான் நிமிர்ந்து நின்றேன்.

உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டான். காசு கொடுத்துப் பார்க்கும்படி ஒரு வீட்டை அப்படியே வைத்திருக்கிறார்கள். "மூணு வருசமா வெளிய பாய் கட்றேன். உள்ள போனதில்ல. உங்கிட்ட இங்க தங்குறதுக்குக் கார்டு இருக்கு, யாராச்சும் கேட்டா நீ காட்டு, நான் ஒனக்குப் பின்னாடி நிக்கிறேன்." அங்கே அப்படி யாரும் எதையும் கேட்பதில்லை என்று பிறகு தெரிந்தது. மூன்று வருடம் அந்தப் பயத்தோடு அந்த வாசலைக் கடந்து போய்க்கொண்டிருந்தான்.

தெருவாசலிலேயே நான் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். பெரிய மரக்கதவு, மேலே கூரை, எதிரே அமைதி. என் கால் தானாகச் செய்தது. உள்ளே சரளைக் கற்கள், முந்தின நாள் மழை. காலுறை நனைய நான் பாதி தூரம் நடந்தபோது, டிக்கெட் கொடுக்கிற அம்மாள் பதறிக்கொண்டு ஓடிவந்து என் பூட்ஸையும் காலையும் மாறி மாறிக் காட்டினாள். தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான்.

"பழனி மலைக்கா ஏறுற? வீட்டுப் படி வரைக்கும் செருப்போட போகணும்ணே!"

"கும்புடுற மாதிரி இருந்துச்சுடா."

"கும்புடு. உண்டியல் அந்தப் பக்கம் இருக்கு." கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அந்த நாளில் அவன் முழுதாகச் சிரித்தது அப்போதுதான்.

வீட்டு முகப்பில் ஒரு போர்க்கவசம் உட்கார வைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஆள் இல்லை, கவசம் மட்டும். அதன் அளவைப் பார்த்தால் ஆள் என் தோளுக்குத்தான் வருவான். "இம்புட்டு ஆளா ஊர மெரட்டுனான்?" என்றேன். உள்ளே பாய் விரித்த அறைகள், ஒன்றுக்குள் ஒன்று. எங்கும் சாமான் இல்லை. கடைசியில் மரத் தாழ்வாரம், அதை ஒட்டிச் சின்னத் தோட்டம், தண்ணீர், அசையாமல் நிற்கும் மீன்கள். அந்த அம்மாள் மெதுவாக ஏதோ சொல்ல, தம்பி தமிழில் சொன்னான். ராஜாக்கள் காலம் முடிந்ததும் இவர்களுக்குச் சம்பளம் நின்றுபோயிற்று. கத்தியைத் தவிர ஒன்றும் தெரியாதவர்கள். நிலத்தை விற்றார்கள், வீட்டை விற்றார்கள், பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

"எங்க போனாங்கன்னு கேளு" என்றேன்.

கேட்டான். அந்த அம்மாள் யோசித்துவிட்டு, தனக்குத் தெரியாது என்று தலையைத் தாழ்த்திச் சொன்னாள். வீட்டைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது அவளுக்கு.

தாழ்வாரத்தில் உட்கார்ந்தோம். இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது.

"ஏலே, எப்பக் கெளம்புற?"

மீனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டாக்டரு சொல்லிட்டாரு. அம்மா ஒந் தலையத் தொடணும்ங்குது."

"வீடியோ போட்டுத் தாண்ணே. நான் வேலைக்கு லீவு போட்டுட்டு நாள் பூரா லைன்ல இருக்கேன்."

"அதுக்குக் கண்ணு தெரியல அப்பு."

"கொறவுன்னுதான சொல்லுச்சு?"

"கொறவு இல்ல. போச்சு. வெளிச்சம் வருதா போகுதான்னு கூடத் தெரியல. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிருச்சு."

அவன் கையில் ஒட்டியிருந்த வைக்கோல் துரும்பை ஒவ்வொன்றாக எடுத்து, அங்கே போடக் கூடாது என்று சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். பிறகு எழுந்தான். "வாண்ணே. ஒண்ணு காட்டணும்."

அதே தெருவின் கோடியில் இன்னும் இரண்டு சின்ன வீடுகளை வைத்திருக்கிறார்கள். அவை சாமுராய்க்குக் கீழே வேலை பார்த்த காலாட்களின் வீடுகள். கூரையில் பலகை பறக்காமல் இருக்கக் கல் வைத்திருந்தது. "அது இன்ஸ்பெக்டர் வீடு, டிக்கெட் வேணும். இது ஏட்டு வீடு, ஓசி" என்றான். அங்கே வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். வியட்நாம்காரி. மார்போடு சேர்த்துத் துணியில் கட்டிய குழந்தை. என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பி "அண்ணே" என்றாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை. என்றைக்காவது நான் வருவேன் என்று சொல்லிக் கொடுத்து வைத்திருந்திருக்கிறான்.

அவளும் ஒரு தையல் ஆலையிலிருந்து ஓடிவந்தவள். அவளுக்கும் காகிதம் இல்லை. குழந்தை பெண். கண் அவளுடையது. நெற்றியும் காதும் அம்மாவைப் பிய்த்து ஒட்டினது போல இருந்தது. யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பிரியாணியைப் பிரித்தோம். தம்பி முதல் கவளத்தை வாயில் வைத்து மெல்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.

"அம்மா மசாலாதான?"

"ஆமா."

"கண்ணு தெரியாமயா திரிச்சுச்சு?"

"சித்தி எடுத்துக் குடுத்துச்சு. அளவு அம்மாதான் சொல்லுச்சு."

சாப்பிட்டுக்கொண்டே சொன்னான், என்னைப் பார்க்காமல். "நான் ஊருக்குப் போகணும்னா விசா ஆபீஸ்ல போயி நானா நிக்கணும்ணே. இத்தன வருசம் எங்க இருந்த, யார் கூட இருந்தன்னு கேப்பான். என்னைய திண்டுக்கல்லுக்கு அனுப்புவான். அவள அவ ஊருக்கு அனுப்புவான். எங்களுக்குக் கல்யாணம் பதியல. புள்ளைக்குப் பொறந்த சர்ட்டிபிகேட்ல எம் பேரு இல்ல. அப்புறம் நான் இங்கயும் வர முடியாது, அங்கயும் போக முடியாது. அம்மா தலையத் தடவும். நல்லாருக்கும். இது?" குழந்தையைக் காட்டினான். "இது யாரு தலையத் தேடும்?"

காதைப் பிடித்து இழுத்துவரப் போனவன் நான். வழியெல்லாம் என்ன பேசுவது, எப்படித் திட்டுவது என்று பஸ்ஸில் சேர்த்துவைத்திருந்தேன். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

பஸ் ஏற்றிவிடும்போது, "அம்மாட்ட என்ன சொல்லுவ?" என்றான். நீயே சொல் என்றேன். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் அவன் சொன்னது, "சீக்கிரம் வந்துர்றேம்மா." குழந்தையைப் பற்றியும் சொல்லவில்லை. அதற்கு மேல் அவனுக்கு வாய் வரவில்லை என்று எனக்கு எழுதினான்.

ஜனவரியோடு வேலையை விட்டுவிட்டேன். முதலாளி திட்டினார். எத்தனையோ இடத்தில் கேட்ட திட்டுதான். திண்டுக்கல்லில் இறங்கி, ஆட்டோவில் நாகல் நகர் சந்துக்குள் நுழைந்தபோது, அம்மா கட்டிலில் உட்கார்ந்து வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். என் பெட்டியை இறக்கிவைக்கும் சத்தத்தைக் கேட்டாள்.

"ஒரு பொட்டிதான எறக்குற? ஒத்தையிலயா வந்த?"

"அவன் பின்னாடி வாரான்மா. லீவு கெடைக்கல."

அம்மா தலையாட்டினாள்.

ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் வரும்போதும் அம்மா இன்னும் கொஞ்சம் சின்னதாக ஆகி வந்தாள். தெருவில் பைக் நின்றால் "சின்னவனா?" என்பாள். கேபிள் காசு வாங்க வந்த பையனிடம் ஒருநாள் கையை நீட்டிவிட்டாள். அவன் பயந்துபோய் காசு வாங்காமலே போனான். அதைப் பார்த்த பிறகுதான் சித்திக்கு அந்த யோசனை வந்தது.

சித்திக்கு ஒரு மகன். எங்கள் தம்பி வயது, தம்பி உயரம். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போனுக்கு உறை விற்கிறான். அடுப்படியில் வைத்து சித்தி மெதுவாகச் சொன்னாள். "எம் மவன உக்கார வைப்போம்டா. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான வளந்தானுக. அவ என்ன, மொகத்தப் பாக்கவா போறா? தலையத் தடவுவா. மனசு குளுந்து போயிருவா. பாவமில்ல, நான் சர்ச்சு சாமியாருட்ட சொல்லிக்கிறேன்."

"கண்டுபுடிச்சுட்டா?"

"நீ வாய மூடிட்டு இருந்தாப் போதும். ஒனக்கு அது ஒண்ணுதான் வராது."

அவள் மகன், வேண்டாம், பெரியம்மாவை ஏமாற்றக் கூடாது என்று முரண்டு பிடித்தான். சித்தி அழுதாள். கடைசியில் ஒத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, என் பயணப்பெட்டியையே தூக்கிக்கொண்டு வாசலில் வந்து இறங்கினான். உடம்பில் வெளிநாட்டு சென்ட், நான் கொண்டுவந்தது. சளி பிடித்திருக்கிறது, தொண்டை கட்டிவிட்டது என்று சித்தியே பேசினாள். அவன் கட்டிலுக்குக் கீழே முட்டி போட்டுத் தலையைக் கொடுத்தான்.

அம்மா தடவினாள். முதலில் உச்சி, பிறகு காது, பிறகு கன்னம். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா வலதுகைக் கட்டைவிரலால் அவன் நெற்றியில் சிலுவை போட்டாள்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. அம்மா நெற்றியில் சிலுவை போட்டதும், அந்தக் கட்டைவிரலைப் பிடித்து உதட்டில் வைத்து நாங்கள் முத்தி செய்வோம். பள்ளிக்கூடம் போகும்போதும், படுக்கும்போதும், சண்டை போட்டுக்கொண்டு வெளியே போனால்கூட முத்தி செய்துவிட்டுத்தான் போவோம். கான்வென்ட்டில் ஒரு வயதான கன்னியாஸ்திரியிடம் பார்த்துவிட்டு வந்து அம்மா ஆரம்பித்தது. சித்தி வீட்டில் அது கிடையாது. எனக்கு அது தோன்றவே இல்லை. மூச்சு விடுவதைப் போல ஒன்றை யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

அம்மாவின் கட்டைவிரல் அவன் முகத்துக்கு முன்னால் அப்படியே நின்றது. அவன் தலை குனிந்தே இருந்தான். விரல் காத்திருந்தது. பிறகு அம்மா விரலை மடக்கி, கையை மடிக்குக் கொண்டுவந்தாள்.

"நல்லா இரு சாமி" என்றாள் அவனிடம். "சாப்டியா? தங்கச்சி, புள்ளைக்குச் சோறு போடு." அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும், குழம்பு போதுமா, வெஞ்சனம் போதுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஊரார் வீட்டுப் பிள்ளையிடம் கேட்பதைப் போலக் கேட்டாள்.

எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"பெரியவனே. அவன் வரமாட்டான்ல?"

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"தங்கச்சி மவனத் திட்டாத. வெட வெடன்னு நடுங்கிட்டு இருந்துச்சு அந்தப் புள்ள. அவன் வரமாட்டான்ல? உள்ளதச் சொல்லு."

சொன்னேன். பட்டறையையும், விசாவையும், வியட்நாம் பெண்ணையும், குழந்தையையும். நெற்றியும் காதும் யாருடையது என்று சொன்னபோது அம்மா தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவன் ஆபீஸில் போய் நின்றால் என்ன நடக்கும் என்பதை மட்டும் இரண்டு தடவை சொல்ல வைத்தாள். புரியாமல் அல்ல. வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று அதற்குள் தேடிக்கொண்டிருந்தாள்.

பிறகு, "போனப் போடு" என்றாள்.

"ஏலே சின்னவனே. பேசாத, நான் பேசுறேன், கேளு. அண்ணன் எல்லாஞ் சொல்லிட்டான். நீ வர வேணாம். ... வேணாம்னு சொல்றேன்ல? கோவமில்லடா. ... அழுவாத. பச்சப்புள்ள பக்கத்துல அழுதா அது மெரளும். அதுக்கு எண்ண தேச்சு விடுறீங்களா? குளுருல தோலு வெடிக்கும். தேங்கா எண்ண கெடைக்கலன்னா அண்ணன்ட்டச் சொல்லு, பார்சல் போடுவான். ... இல்லடா, நான் நல்லாத்தான் இருக்கேன். மூச்சுத்தான் செத்த எளைக்குது. வையி."

போனை என்னிடம் நீட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் காப்பி கொடுத்தபோது சொன்னாள். "நான் போனேன்னா ஐஸ் பொட்டியில போட்டு வச்சுட்டுக் காத்திருக்காதீங்க. வராத ஆளுக்காக என்னைய எதுக்குக் குளுருல போடணும்?"

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர் வீடுகளில் வெளிநாட்டுப் பிள்ளைக்காக உடலை வைத்திருப்பது வழக்கம். பிள்ளை வந்து முகம் பார்க்காமல் எடுத்துவிட்டால், அது பெற்றவளுக்குச் செய்த அவமானம் என்று பேசுவார்கள். அம்மாவுக்கு இது தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

தவக்காலம் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும் வழியில் ஆட்டோவில், சித்தியின் தோளில் சாய்ந்தபடி போய்விட்டாள்.

பந்தல் போட்டார்கள், பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. சொந்தக்காரர்களில் யாரோ ஃப்ரீசர் பெட்டிக்கும் சொல்லிவிட்டிருந்தார்கள். அதை இறக்க விடாமல் திருப்பி அனுப்பினேன். சித்தி என்மேல் பாய்ந்தாள்.

"எங்க வீட்டுல எம் மாமனாருக்கு மூணு நாளு வச்சோம்டா, மஸ்கட்ல இருந்து அவரு பெரிய மவன் வந்து மொகம் பாக்குற வரைக்கும். ஒனக்கென்ன அம்புட்டு அவசரம்? பெத்த புள்ளைக்கு மொகங் காட்டாம மூடப் போறியா?"

"அம்மா சொன்னது சித்தி."

"அவ ஆயிரஞ் சொல்லுவா. அவன் மனசு மாறி வந்துட்டான்னா? போனப் போட்டுக் கேளுடா பாவி."

கேட்கவில்லை. காலையிலேயே அவனிடம் சொல்லியிருந்தேன். "எப்ப எடுக்குறீங்க?" என்றான். சாயந்திரம் என்றேன். "நான் இங்க மண்டி போட்டுக்கிறேன்" என்றான். அதற்கு மேல் அவனை இழுத்தால் அவன் ஆபீஸில் போய் நின்றுவிடுவான். கட்டிலில் கிடந்தபடி அம்மா செய்துவிட்டுப் போனதை நான் உடைக்க முடியாது.

கூட்டத்தில் பேசினார்கள், என் காதுபடவே. ஊர் சுற்றுகிறவன், இவனுக்கு இருப்பே கொள்ளாது, அம்மாவைப் புதைத்த கையோடு பஸ் ஏறப் பார்க்கிறான் என்று ஒருவர் சொன்னார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்தார். பெட்டியை மூடுவதற்கு முன் நிமிர்ந்து, "இன்னும் யாராவது வர வேண்டியிருக்கிறதா?" என்று கேட்டார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். சித்தியும் பார்த்தாள்.

"யாரும் இல்லங்க சாமி. எடுத்துரலாம்" என்றேன்.

தலைமாட்டில் நான் நின்றேன். எனக்கு எதிரே தாய்மாமன். கால்மாட்டில் ஒரு பக்கம் சித்தப்பா. இன்னொரு பக்கம் கடைசி மகனுடைய இடம். அதில் யாரும் வந்து நிற்கவில்லை. யார் நின்றாலும் அவன் வரவில்லை என்பதை வாய்விட்டுச் சொன்ன மாதிரி ஆகும். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சித்தியின் மகன் கூட்டத்துக்குள்ளிருந்து வந்தான். முகம் வீங்கியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

"அண்ணே, நான் புடிக்கட்டுமா? அவனுக்குப் பதிலா இல்ல. பெரியம்மாவுக்கு."

சரி என்றேன். குனிந்து பிடித்தான். தூக்கினோம். பெட்டிக்குள் ஆள் இருக்கிற கனமே இல்லை.